பேக்கப் இருக்கு... ஆனால் திரும்ப வருமா? யூனிக்ஸ் சர்வர்களில் காப்பு நகல்கள் காலை வாருவது எப்படி?

2017 ஜனவரி 31. உலகப் பொது நேரப்படி இரவு 11.30 மணி; நமக்கு மறுநாள் அதிகாலை 5 மணி. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், மக்கர் செய்துகொண்டிருந்த டேட்டாபேஸ் சர்வரோடு பல மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதில் இருக்கும் பழைய ஃபைல்களை அழித்துவிட்டு முதலில் இருந்து நகல் எடுக்கலாம் என்று முடிவு செய்தார். அழிக்கும் கமாண்டைத் தட்டினார். என்டர்.

ஒன்றிரண்டு விநாடிகளில் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கமாண்டைத் தட்டியது இரண்டாவது சர்வரில் அல்ல. கிட்லேப் இணையதளம் மொத்தமும் நம்பியிருந்த முதன்மை சர்வரில்!

உடனே நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிபி தரவு இருந்த இடத்தில் அப்போது மிஞ்சியிருந்தது சுமார் 4.5 ஜிபி மட்டுமே. யூனிக்ஸ் குடும்பத்து கணினிகளில் ‘ஆர்எம்’ கமாண்டுக்கு ரீசைக்கிள் பின் கிடையாது. போனது போனதுதான்.

“சரி, அதான் பேக்கப் இருக்குமே?” என்று கேட்கத் தோன்றுகிறதா? கிட்லேப் ஊழியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒன்றல்ல, ஐந்து வழிகளில் நகல் எடுக்க ஏற்பாடு இருந்தது. அன்றிரவு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

ஐந்து கதவுகள்

கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடிங்கைச் சேமித்து, குழுவாக வேலை பார்க்கும் தளம். அதன் பயனர் கணக்குகள், திட்டங்கள், கருத்துகள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருந்தன. முதன்மை சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் இரண்டாவது சர்வருக்கு உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். இதுதான் முதல் பாதுகாப்பு. ஆனால் அன்று மாலை முதல் தளத்தின் மீது விழுந்த அதிகப்படியான சுமையில் இரண்டாவது சர்வர் பின்தங்கிப்போனது. அதை மறுபடி ஒத்திசைக்கும் முயற்சியில் அதன் தரவு ஏற்கெனவே காலி செய்யப்பட்டிருந்தது. ஆக, முதல் கதவு அவுட்.

கிளவுட் நிறுவனம் தரும் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி? அது ஃபைல் சர்வர்களுக்கு மட்டும் இயக்கப்பட்டிருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இல்லை. ‘மற்ற பேக்கப்களே போதும்’ என்று யாரோ என்றைக்கோ நினைத்ததன் விளைவு.

அடுத்தது தினசரி பேக்கப். போஸ்ட்கிரெஸ் தரவை முழுசாக எழுதித் தரும் ‘பிஜி-டம்ப்’ என்ற கருவியை ஒரு தானியங்கி வேலை ஒவ்வொரு நாளும் ஓட்டி, கிடைக்கும் ஃபைலை அமேசானின் எஸ்3 சேமிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். ஊழியர்கள் போய்த் திறந்து பார்த்தார்கள். அங்கே ஒன்றுமே இல்லை. காலி!

ஏன் காலி என்பதுதான் இந்தக் கதையிலேயே கவனிக்க வேண்டிய இடம். டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில். ஆனால் பேக்கப் வேலை ஓடியது டேட்டாபேஸ் சர்வரில் அல்ல, வேறொரு சாதாரண சர்வரில். எந்தப் பதிப்புக் கருவியைப் பயன்படுத்துவது என்பதை, அந்த மென்பொருள் தொகுப்பு உள்ளூரில் இருக்கும் டேட்டாபேஸ் ஃபோல்டரைப் பார்த்து முடிவெடுக்கும். இந்த சர்வரில் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. அதனால் தானாகவே 9.2 பதிப்பைத் தேர்ந்தெடுத்தது. பழைய கருவி, புதிய டேட்டாபேஸைப் பார்த்ததும் ‘என்னால முடியாது’ என்று பிழைச் செய்தி போட்டுவிட்டு வெளியேறியது. ஒவ்வொரு நாளும்.

பிழைச் செய்தி வந்தால் யாருக்காவது மெயில் போயிருக்குமே? போகும்படிதான் அமைத்திருந்தார்கள். ஆனால் போலி மின்னஞ்சல்களைத் தடுக்கும் ‘டிமார்க்’ பாதுகாப்பை அந்த நிறுவனம் தன் முகவரிக்கு இயக்கியிருந்தது. சர்வரில் இருந்து கிளம்பிய தானியங்கி மெயில்களில் அதற்குத் தேவையான கையொப்பம் இல்லை. எனவே அவை திருப்பி அனுப்பப்பட்டன. பேக்கப் தோற்றது, தோற்றதைச் சொல்ல வந்த மெயிலும் வாசலிலேயே தடுக்கப்பட்டது.

ஒவ்வொரு பாகமும் தனித்தனியே சரியாகத்தான் வேலை செய்தது என்பது இதில் கொடுமை. பழைய கருவி ஒத்துவராத டேட்டாபேஸைத் தொட மறுத்தது சரி. மெயில் சர்வர் கையொப்பமில்லாத மெயிலை மறுத்ததும் சரி. எல்லாம் சேர்ந்துதான் தவறு.

காப்பாற்றியது பேக்கப் அல்ல, தற்செயல்

கடைசியில் கைகொடுத்தது வேறொரு விஷயம். அன்று மாலை 5.20 மணிக்கு, அதாவது விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாக, ஒரு புதிய ஏற்பாட்டைச் சோதனை சர்வரில் முயன்று பார்ப்பதற்காக, டேட்டாபேஸை டிஸ்க் அளவில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தார்கள். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். அன்று அவர் அதைத் தனியாக எடுக்காமல் இருந்திருந்தால் இழப்பு இன்னும் பல மணி நேரத்துக்கு நீண்டிருக்கும்.

அதையும் உடனே திரும்பக் கொண்டுவர முடியவில்லை. சோதனை சர்வரின் டிஸ்க், மலிவான வகை. நொடிக்கு சுமார் 60 மெகாபிட் வேகத்தில் சொட்டு சொட்டாக நகலெடுத்து முடிக்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்கத் தளம் முடங்கிக் கிடந்தது. ஊழியர்கள் தங்கள் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்ட, ஒரு கட்டத்தில் சுமார் 5,000 பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறுதிக் கணக்கு: சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போயின. கோடிங் ஃபைல்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின.

பின்னர் கிட்லேப் வெளியிட்ட விரிவான அறிக்கை, தவறு செய்த ஊழியரின் பெயரைச் சொல்லவில்லை. மாறாக, “பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை?” என்ற கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு ஒரு பதிலும் சொன்னது. அந்த வேலைக்கு யாரும் பொறுப்பாக நியமிக்கப்படவில்லை; அதனால் யாரும் சோதிக்கவில்லை. டைப்பிங் தவறைவிட இந்த ஒரு வரிதான் பல அலுவலகங்களுக்கு உறைக்க வேண்டியது.

ஏன் சத்தமே வருவதில்லை?

யூனிக்ஸ் மரபில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் கருவி எதுவும் பேசாது. பேச்சில்லை என்றால் வெற்றி என்று அர்த்தம். ஸ்கிரீன் முன்னால் மனிதர் உட்கார்ந்திருக்கும் வரை இது அழகான பழக்கம். நள்ளிரவு 2 மணிக்குத் தானாக ஓடும் பேக்கப்பில் இதுவே ஆபத்து. வெற்றியின் அமைதியும் தோல்வியின் அமைதியும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒவ்வொரு கமாண்டும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுச்செல்லும். பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணும் சிக்கல். பேக்கப் ஸ்கிரிப்ட்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ‘முடிந்தது’ என்று முடிவெடுக்கின்றன. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது.

டேட்டாபேஸை எழுதித் தரும் கருவியின் வெளியீட்டை அப்படியே சுருக்கும் கருவிக்குள் ‘பைப்’ போட்டு அனுப்புவது எல்லோரும் செய்வது. இப்படிக் கோத்துவிட்டால், வழக்கமான அமைப்பில் கடைசிக் கருவி விட்டுச்செல்லும் எண் மட்டுமே கணக்கில் வரும். முதல் கருவி தொடக்கத்திலேயே விழுந்திருக்கும். இரண்டாவதான ‘ஜிஜிப்’ கருவியோ, உள்ளே எதுவும் வராவிட்டாலும் வந்த ‘ஒன்றுமில்லை’யை நேர்த்தியாகச் சுருக்கி, ஒரு ஃபைலாக எழுதி, வெற்றி என்று பூஜ்யத்தை நீட்டும். அந்த ஃபைலின் அளவு 20 பைட். பெயர் சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், திறந்தால் பிழையும் காட்டாது. உள்ளே மட்டும் எதுவும் இருக்காது.

பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ என்ற அமைப்பை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இயக்கிவிட்டால், வரிசையில் எந்தக் கருவி விழுந்தாலும் மொத்தமும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். ஒரே வரிதான். ஆனால் அதைத் தானாக யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

அடுத்த பொறி, ‘கையால ஓட்டினா ஓடுது, ராத்திரி தானா ஓட மாட்டேங்குது’ ரகம். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ‘கிரான்’, நம் வழக்கமான அமைப்புகள் எதையும் எடுத்துக்கொள்ளாது. கருவிகளைத் தேட அது பார்க்கும் இடங்களின் பட்டியல் மிகச் சின்னது. நாம் லாகின் செய்து ஓட்டும்போது கிடைக்கிற கருவி, கிரானுக்குக் கிடைக்காமல் போகும். அல்லது வேறொரு பதிப்பு மாட்டும். இன்னும் வேடிக்கை, ‘%’ என்ற குறி. பேக்கப் ஃபைலின் பெயரில் தேதியைச் சேர்க்க இந்தக் குறி தேவை. ஆனால் கிரான் அட்டவணையில் அதை அப்படியே எழுதினால், ‘வரி இத்தோடு முடிந்தது’ என்று கிரான் எடுத்துக்கொள்ளும். கமாண்ட் பாதியில் வெட்டுப்படும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும் என்பது பலருக்கும் ஒருமுறை சூடுபட்ட பிறகே தெரிகிறது.

இதற்கெல்லாம் கிரான் மெயில் அனுப்பும்தான். அந்த மெயில் தொல்லை என்று வெளியீடு மொத்தத்தையும் ‘டெவ்-நல்’ என்ற கருந்துளைக்குள் தள்ளிவிடும் பழக்கம் எத்தனை சர்வர்களில் இருக்கிறதோ!

வுடியின் தொப்பி மறைந்த நாள்

இது இணைய காலத்து நோய் மட்டுமல்ல. 1998-ல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. படத்தின் ஃபைல்கள் அனைத்தும் யூனிக்ஸ் கணினிகளில். யாரோ ஒருவர் தவறான இடத்தில் அழிக்கும் கமாண்டை ஓட்டிவிட்டார். தொழில்நுட்பக் குழுவில் இருந்த ஓரென் ஜேக்கப், வுடி கதாபாத்திரத்தின் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைக் கண்டார். தொப்பி போனது. பூட்ஸ் போனது. கொஞ்ச நேரத்தில் வுடியே போய்விட்டார். சர்வரின் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லி அலறியடித்துக்கொண்டு போன் செய்தார்கள். அதற்குள் படத்தின் ஏறத்தாழ 90 சதவீத ஃபைல்கள் அழிந்திருந்தன.

பேக்கப் டேப்பில் இருந்து மீட்டார்கள். எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, மீட்டது முழுமையானது அல்ல என்று. டேப்பில் எழுதப்படும் தரவு அதன் அளவு வரம்பைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் புதிய தரவு ஏறவே இல்லை. பிழைப் பதிவு என்ன ஆனது? அந்தப் பதிவு ஃபைலும் இடம் நிரம்பிப்போன அதே டிஸ்கில்தான் இருந்தது. எழுத இடமில்லாததால் அதன் அளவு பூஜ்யம். தகவல் சொல்ல வேண்டியவனையும் கூடவே கொண்டுபோவது என்ற வகையில், கிட்லேப்பின் மெயில் கதைக்கு இது மூத்த அண்ணன்.

படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சஸ்மன். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக, படத்தின் நகல் ஒன்றை வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்த மெஷினைப் போர்வைகளில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, பத்திரமாக அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். (அப்படிப் பாடுபட்டு மீட்ட கதையில் பெரும்பகுதியைப் பிக்சாரே பின்னர் தூக்கிப்போட்டுவிட்டு, படத்தைப் புதிதாக எடுத்தது தனிக்கதை.)

பேக்கப் ஸ்கிரிப்டே தரவை அழித்தால்?

இதுவரை பார்த்தவை பேக்கப் கைகொடுக்காத கதைகள். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது ஒரு படி மேலே. அங்கே பேக்கப் புரோகிராமே ஆராய்ச்சித் தரவை அழித்தது.

பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டருக்கான சேமிப்பகத்தைப் பராமரித்தது ஹெச்பிஇ நிறுவனம். பேக்கப் ஸ்கிரிப்டில் ஒரு சிறு வேலை இருந்தது. பத்து நாளுக்கு மேல் பழையதான பதிவு ஃபைல்களைத் தேடி அழிப்பது. ஸ்கிரிப்டைப் படிப்பதற்கு எளிதாக்கலாம் என்று அதில் மாற்றங்கள் செய்தார்கள். மாறிகளின் பெயர்களையும் மாற்றினார்கள். இது நல்ல நோக்கம்தான். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே ஃபைலின் மேல் புதியதை எழுதிவிட்டார்கள்.

பாஷ் ஷெல் ஒரு ஸ்கிரிப்டை மொத்தமாகப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. ஓட ஓடப் படிக்கும். ஒருவர் புத்தகத்தைப் பாதி படித்திருக்கும்போது, மீதிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறு புத்தகத்தின் பக்கங்களை ஒட்டிவைத்தால் எப்படி இருக்கும்? அதேதான். முதல் பாதி பழைய பெயர்களில் மாறிகளை அமைத்தது. இரண்டாம் பாதி புதிய பெயர்களைத் தேடியது. அந்தப் பெயரில் எதுவும் இல்லை, வெற்றிடம். ‘இந்தப் பதிவு ஃபோல்டரில் பழையதை அழி’ என்பதில் ஃபோல்டர் பெயர் காணாமல் போக, பதிவுகளுக்குப் பதிலாக ஆராய்ச்சி ஃபைல்கள் இருந்த இடத்தில் அழிப்பு வேலை தொடங்கியது.

டிசம்பர் 14 மாலையில் தொடங்கியது 16-ம் தேதி மதியம்தான் நின்றது. சுமார் 3.4 கோடி ஃபைல்கள், 77 டெராபைட். 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை பேக்கப்பில் இருந்தும் மீட்க முடியாது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. முழுப் பொறுப்பையும் ஹெச்பிஇ ஏற்றுக்கொண்டது. ஆனால் மாதக்கணக்கில் கணக்கிட்டுச் சேர்த்த ஒரு ஆராய்ச்சியாளரின் முடிவுகள், பொறுப்பேற்பதால் திரும்பி வந்துவிடாது.

இதைத் தடுக்க இரண்டு எளிய பழக்கங்கள் உண்டு. ஒன்று, ஓடும் ஸ்கிரிப்டை அதே இடத்தில் திருத்தக் கூடாது. புதியதை வேறு பெயரில் எழுதி முடித்து, பிறகு பழைய பெயருக்கு நகர்த்த வேண்டும். அப்படிச் செய்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது பழைய ஃபைலையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு, ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் ‘செட் -யு’ என்று ஒரு வரி. அமைக்கப்படாத மாறி எதையாவது தொட்டால், வெற்றிடமாக எடுத்துக்கொள்ளாமல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கருவிகளையே சித்திரவதை செய்தவர்

மேலே சொன்ன மூன்றிலும் குற்றம் பெரும்பாலும் கருவியைச் சுற்றியிருந்த ஏற்பாட்டில். கருவிகள் மட்டும் யோக்கியமா? அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் கணினி நிர்வாகியாக இருந்த எலிசபெத் ஸ்விக்கி இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, 1991-ல் லிசா மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். டார், சிபிஐஓ, டம்ப் போன்ற அன்றைய யூனிக்ஸ் பேக்கப் கருவிகளை அவர் வேண்டுமென்றே வதைத்துப் பார்த்தார். விநோத எழுத்துகள் கொண்ட ஃபைல் பெயர்கள், அளவுக்கு மீறி நீண்ட பெயர்கள், நடுவில் ‘ஓட்டை’ உள்ள ஃபைல்கள், நகலெடுக்கும்போதே மாறுகிற, மறைகிற ஃபைல்கள். பல கருவிகள் தடுமாறின. பயனர் கையேட்டில் இல்லாத வகைகளில் எல்லாம் தடுமாறின.

அதில் ‘ஓட்டை ஃபைல்’ என்பது இன்றைக்கும் பொருந்தும். சில ஃபைல்கள் 100 ஜிபி என்று காட்டும். டிஸ்கில் பிடித்திருக்கும் இடமோ சில ஜிபிதான். எழுதப்படாத பகுதிகளுக்கு யூனிக்ஸ் இடம் ஒதுக்குவதில்லை. விர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்க் ஃபைல்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஓட்டையைப் புரிந்துகொள்ளாத கருவியில் பேக்கப் எடுத்து மீட்டால், வெற்றிடம் எல்லாம் உண்மையான பூஜ்யங்களாக விரிந்து டிஸ்க் பாதியிலேயே நிரம்பிவிடும். பேக்கப் நல்லதுதான், மீட்க மட்டும் இடம் போதாது!

ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தை டிஸ்க் அளவில் நேரடியாகப் படிக்கும் ‘டம்ப்’ கருவியை லினக்ஸில் நம்ப வேண்டாம் என்று 2001-ல் லினஸ் டோர்வால்ட்ஸே எச்சரித்தார். மெமரியில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் அந்த நொடியில் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்பது காரணம். ஓடும் டேட்டாபேஸின் ஃபைல்களை வெறுமனே நகலெடுப்பதிலும் இதே ஆபத்துதான். முதல் ஃபைலை 2.00 மணிக்கும் கடைசி ஃபைலை 2.40 மணிக்கும் நகலெடுத்தால், இரண்டும் ஒரே டேட்டாபேஸைச் சேர்ந்தவை அல்ல.

அப்போ, எங்கே இருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

உங்கள் அலுவலகத்திலோ கல்லூரி லேபிலோ ஒரு லினக்ஸ் சர்வர் இருந்து, பேக்கப் மீது லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது என்றால், முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். நேற்றையது, போன வாரத்தையது, போன மாதத்தையது. தரவு வளரும் இடத்தில் பேக்கப் வளராமல் இருந்தால், அல்லது ஒருநாள் திடீரென்று இளைத்திருந்தால், அங்கேதான் கதை இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை.

பிறகு, பேக்கப் எழுதப்படும் டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளி டிஸ்க் கழன்றிருந்தால் யூனிக்ஸ் புகார் சொல்லாது. அந்த இடத்தில் இருக்கும் வெற்று ஃபோல்டருக்குள்ளேயே, அதாவது சர்வரின் சொந்த டிஸ்கிலேயே, பேக்கப்பை எழுதிக்கொண்டிருக்கும். வீட்டுச் சாவியின் நகலை அதே வீட்டுக்குள் பூட்டி வைப்பது மாதிரி.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ‘ஆர்சிங்க்’ கருவியில் ‘டெலீட்’ ஆப்ஷனைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதவற்றை நகலிலும் அழிக்கும். மூல டிஸ்க் இணையாமல் போன ஒரு இரவில், ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று பார்த்துவிட்டு, நகல் முழுவதையும் ஒழுங்காகத் துடைத்துவிடும். கருவி தன் கடமையைத்தான் செய்தது. அதனால்தான் ஆர்சிங்க் நகல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதை பேக்கப் என்று சொல்ல முடியாது. அது கண்ணாடி. முகத்தில் கரி பூசினால் கண்ணாடியிலும் கரி தெரியும். இரண்டாவது சர்வருக்கு உடனுக்குடன் போகும் டேட்டாபேஸ் நகலும் இந்த வகைதான். முதன்மையில் ஓட்டிய தவறான கமாண்ட் நொடிகளில் அங்கேயும் போய்ச் சேரும்.

‘டார்’ கருவி விட்டுச்செல்லும் எண்ணையும் கவனிக்கலாம். க்னூ டாரில் 1 என்றால், நகலெடுக்கும்போது சில ஃபைல்கள் மாறிவிட்டன என்று அர்த்தம். பரபரப்பான சர்வரில் இது சகஜம். 2 என்றால் உண்மையான பிழை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்துப் பயந்து, அலாரத்தையே அணைத்துவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

சுருக்கிய ஃபைல் உடையாமல் இருக்கிறதா என்று ஜிஜிப்பின் சோதனை ஆப்ஷன் சொல்லும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று டார் பட்டியல் போடும். ஆனால் இவை இரண்டும் பெட்டியை ஆட்டிப் பார்ப்பது மாதிரிதான். நிஜமான சோதனை ஒன்றே ஒன்று. வேறொரு கணினியில், காலியான ஒரு இடத்தில், மொத்தத்தையும் மீட்டுப் பார்ப்பது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேலேயே மீட்டுப் பார்க்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

அப்படி மீட்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்கள் தலைகாட்டும். ஃபைல்களின் உரிமையாளர் யார் என்பதை யூனிக்ஸ் எண்ணாகத்தான் சேமிக்கிறது. பழைய சர்வரில் 1001 என்ற எண் கணக்குப் பிரிவு ஊழியருடையதாக இருந்திருக்கலாம். புதிய சர்வரில் அதே எண் வேறு யாருடையதாகவோ இருக்கும். ரூட் அனுமதி இல்லாமல் மீட்டால், எல்லா ஃபைல்களுக்கும் மீட்டவரே சொந்தக்காரர் ஆகிவிடுவார். டேட்டாபேஸ் கிளம்ப மறுக்கும். ஃபைல் எல்லாம் இருக்கிறது, சர்வர் மட்டும் ஓடாது என்ற குழப்பத்தில் பாதி நாள் போகும்.

மீட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. கிட்லேப்பிடம் நல்ல நகல் ஒன்று இருந்தும் 18 மணி நேரம் ஆனதே, அந்த எண்ணை விபத்துக்கு முன்பே யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு, மீட்புச் சோதனையைத் தானியங்கியாக ஓட்டுவதையும், எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும்படி ஒவ்வொரு சர்வரின் கமாண்ட் வரியை மாற்றுவதையும் வேலைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் தவறவிடுவது. பேக்கப்பை என்கிரிப்ட் செய்து வைப்பவர்கள் இன்று அதிகம். அந்தக் கடவுச்சொல்லோ சாவி ஃபைலோ எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பேக்கப் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே, அதே சர்வரில் இருக்கும். சர்வர் எரிந்துபோனால் அதுவும் போய்விடும். மீட்புச் சோதனையை அந்த சர்வரைத் தொடாமலே, வேறு மெஷினில், முடிந்தால் ஸ்கிரிப்டை எழுதாத இன்னொருவரை வைத்துச் செய்து பார்த்தால், இது முதல் அரை மணி நேரத்திலேயே வெளிப்பட்டுவிடும்.